அதிகாரம் இருந்தும் அடங்கியவர்

அதிகாரம் இல்லாதவன் அடங்கிக் கிடப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. அவனுக்கு வேறு வழி கிடையாது. எல்லா அதிகாரமும் மேசை இழுப்பறைக்குள் இருந்தும், அதை வெளியே எடுக்காமலே காலம் தள்ளுகிறவரைத்தான் ஊர் கையெடுத்துக் கும்பிட வேண்டும். அப்படிக் கும்பிடத் தகுந்த ஓர் அமைப்பு நம்மிடம் உண்டு. 1982 பிப்ரவரியில் பிறந்த தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அது. பாலாற்றங்கரைக்காரர்களும் தூத்துக்குடிக்காரர்களும் அதன் குணத்தை அவரவர் ஊரில் கண்டிருக்கிறார்கள். நான் நொய்யல் கரையில் நின்று பேசுகிறேன். வாரியத்தின் பொறுமை அதன் முழு உயரத்துக்கு வளர்ந்தது அங்கேதான்.

பொறுமையின் அளவு தெரிய வேண்டுமானால் முதலில் அதிகாரத்தின் அளவு தெரிய வேண்டும். நாடாளுமன்றம் 1974-ல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. 1988-ல் அதைத் திருத்தி 33-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அந்தப் பிரிவு மாசு வாரியத்துக்குச் சொல்வது இதுதான்: ஆற்றைக் கெடுக்கும் ஆலையை மூடு என்று நீயே உத்தரவு போடலாம், அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லி நீயே எழுதலாம். அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டாம், அமைச்சரவைக் கூட்டமும் வேண்டாம். ஒரு தாள், ஒரு கையெழுத்து போதும். மின்வாரிய லைன்மேன் வந்து ஃபியூசைப் பிடுங்கிக்கொண்டு போவார்.

திருப்பூரில் சாயப்பட்டறைகள் அத்தனைக்கும் மின்சாரம் போனது 2011-ல். நிறுத்தச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 1988-க்கும் 2011-க்கும் நடுவில் 23 ஆண்டுகள். அந்த 23 ஆண்டுகளின் அடக்கத்தைத்தான் இங்கே புகழப்போகிறேன்.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. பழம்பெயர் காஞ்சிமாநதி. பேரூர், கோவை, திருப்பூர் என்று வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் விழுகிறது. வழிநெடுக அணைக்கட்டுகளையும் வாய்க்கால்களையும் குளங்களையும் கட்டி வைத்தவர்கள் பெரிய ஆறு என்று நினைத்து அவற்றைக் கட்டவில்லை. மழைக்காலத்தில் ஓடும் தண்ணீரைக் குளத்துக்குக் குளம் ஏற்றி, கிணற்றுக்கு ஊற்று வர வைத்தார்கள். கொங்குச் சீமையின் தோட்ட விவசாயமே அந்த ஊற்றை நம்பித்தான்.

அந்த ஆற்றின் கரையில் பனியன் கம்பெனிகள் வந்தன. பருத்தித் துணிக்குச் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாயத் தொட்டியில் சாயத்தோடு சமையல் உப்பையோ சோடியம் சல்ஃபேட்டையோ மூட்டை மூட்டையாகக் கொட்டுவார்கள். சாயத்தைத் துணிக்குள் தள்ளுவது உப்பின் வேலை. சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகும். உப்பு துணியோடு போகாது. கொட்டிய உப்பு ஏறத்தாழ முழுவதும் கழிவுத் தண்ணீரில்தான் வெளியே வரும். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் சாவி இந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது. ஆற்றில் ஓடிய சிவப்பையும் நீலத்தையும் உலகம் படம் பிடித்தது. நிலத்தைக் கொன்றதோ, கண்ணுக்குத் தெரியாத அந்த உப்பு.

அரசின் தொலைநோக்கையும் விட்டுவிடக் கூடாது. 1989-லேயே ஓர் அரசாணை போட்டார்கள்: முக்கியமான ஆறுகள், நீர்நிலைகளின் கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் புதிய தொழிற்சாலை எதுவும் வரக் கூடாது. தண்ணீரை இப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்து, தெளிவாக எழுதி, எண் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கோப்பில் சேர்த்தார்கள். கோப்பு பத்திரமாக இருந்தது. திருப்பூரைச் சுற்றிச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் 700-ஐத் தாண்டி வளர்ந்தன. ஆற்றோரமும் ஓடையோரமும்தான் அவற்றுக்குத் தோது. தண்ணீர் எடுக்கவும் சௌகரியம், விடவும் சௌகரியம்.

அதே காலத்தில் பொதுப்பணித் துறை திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைப் பக்கம் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டியது. 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 40 அடி உயரம். 1992-ல் திறந்தார்கள். கரூர் பக்கத்து ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காகக் கட்டியது. ஒரு துறை அணை கட்டியது. மேலே இருந்த பட்டறைகளுக்கு இன்னொரு துறை இசைவாணை கொடுத்தது. ஒருவர் வேலையில் ஒருவர் தலையிடாத அந்த நாகரிகத்தின் பலனாக, அணை சாயக்கழிவைத் தேக்கிவைக்கும் தொட்டியாயிற்று. தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் உப்பு மெல்லக் கீழே இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் போனது. நல்ல தண்ணீர்க் கிணறு சப்பைத் தண்ணிக் கிணறு ஆனது. அணையைத் திறந்தால் கீழே இருக்கும் நிலம் போகும். திறக்காவிட்டால் அணையைச் சுற்றியிருக்கும் நிலம் போகும். தண்ணீர் விடுங்கள் என்று கேட்கவேண்டிய ஆயக்கட்டுக்காரர்கள், தண்ணீர் விடாதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையை அந்தப் பாசனக்காரர்களே மூடி வைக்கச் சொன்ன நிலை அது. தன் துறை கட்டிய அணைக்கு இப்படி ஒரு கதி வந்தும் அரசு பதறவில்லை.

அந்தத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். மஞ்சளும் வாழையும் கரும்பும் வைத்துப் பிழைத்த மண் அது. உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலம் காய்ந்ததும் மேலே வெள்ளை பூக்கும். கொத்தினால் மண் பொலபொலவென்று உதிராது, கட்டியாகப் பெயரும். முதலில் மஞ்சள் போனது, அப்புறம் வாழை. தென்னைதான் கடைசிவரை தாக்குப்பிடித்தது, அதுவும் காய் சிறுத்து, குரும்பையிலேயே உதிர்ந்து, இளநீர் கரித்து. மாட்டுக்குத் தண்ணீர் காட்டவே விலை கொடுத்து வாங்க வேண்டிய நிலைக்குக் கிணறு வைத்திருந்தவர்கள் வந்தார்கள். தாத்தா வெட்டிய கிணற்றின் மேட்டில் நின்றுகொண்டு பிளாஸ்டிக் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அவர்கள் யாரும் பனியனுக்குச் சாயம் போடச் சொல்லவில்லை. பனியன் ஏற்றுமதியில் வந்த டாலரில் ஒரு காசும் அவர்கள் கைக்கு வரவில்லை. எனக்கு இந்த விவகாரம் முழுக்க அவர்கள் பக்கத்திலிருந்துதான் தெரிகிறது. வேறு பக்கத்திலிருந்து பார்க்க விருப்பமும் இல்லை.

1996-ல் கரூர் வாய்க்கால் விவசாயிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சுத்திகரிப்பு வசதி செய்யாத பட்டறைகளை மூடச் சொல்லி 1998 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. அதை ஒட்டிப் பல பட்டறைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தன. சேராத சில மூடப்பட்டன. இந்த இடத்தில் வாரியத்தின் பரந்த மனதைச் சொல்லியே ஆகவேண்டும். அந்த நிலையங்களில் நடந்த வேலை என்ன? கழிவுத் தண்ணீரில் சுண்ணாம்பையும் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் கலப்பார்கள். நிறம் சேறாகத் திரண்டு அடியில் படியும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை வெளியே விடுவார்கள். சிவப்பாக வந்தது தெளிவாகப் போகும். உப்பு அப்படியே போகும். கலந்த மருந்தும் சேர்ந்து, முன்பைவிடக் கூடுதலாகவே போகும். கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வாரியமே விதித்த வரம்பு. வெளியே போன தண்ணீர் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று நின்றது.

தான் விதித்த வரம்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும் ஒன்றைச் சுத்திகரிப்பு என்று ஏற்றுக்கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு இசைவாணை கொடுக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்! பட்டறைக்காரருக்கு அது ஊக்கம் கொடுத்தது, வங்கிக்காரருக்கு நம்பிக்கை கொடுத்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த வாங்குபவர்களுக்கு மலிவான பனியன் கொடுத்தது. படிந்த சேறு மட்டும் போக்கிடம் இல்லாமல், மூட்டைகளாகக் கட்டி நிலைய வளாகங்களில் அடுக்கிக் கிடந்தது.

வாரியம் சும்மா இருந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கடுமையாக உழைத்தது. மாதிரி எடுத்தார்கள், புட்டியில் அடைத்துச் சீட்டு ஒட்டினார்கள், ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள். நோட்டீஸ் கொடுத்தார்கள், விளக்கம் வாங்கினார்கள், விளக்கத்தைக் கோப்பில் சேர்த்தார்கள். பறக்கும் படை அமைத்தார்கள். பின்னால் நீதிமன்றத்தில் விவசாயிகளுக்கு உதவியதே அந்த ஆய்வறிக்கைகளும் எண்களும்தான். தன் மேற்பார்வையில் ஓர் ஆறு செத்ததற்கான முழு ஆவணத்தையும் தேதி வாரியாகத் தானே தொகுத்து வைத்த அமைப்பு அது. அந்த நேர்மையை நான் மனமாரப் போற்றுகிறேன். கீழ்நிலைப் பொறியாளர்கள் பலர் உள்ளதை உள்ளபடிதான் எழுதினார்கள். அவர்கள் எழுதியதன் மேல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில்தான் பொறுமை குடியிருந்தது.

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் மறுபடி உயர் நீதிமன்றப் படி ஏறியது. இதற்கிடையில், வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் சொன்ன தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பீட்டு ஆணையம் நொய்யல் கரையையும் கணக்கெடுத்தது. அதன் 2004 தீர்ப்பின்படி பாதிக்கப்பட்ட விவசாயிகள் 28,596 பேர். அவர்களுக்கு விதித்த தொகை ஏறத்தாழ 25 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தேன், ஆளுக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வரவில்லை. ஒரு கிணறு, ஒரு தோப்பு, ஒரு தலைமுறையின் விவசாயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. பல ஆயிரம் கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த ஊர் தன் பக்கத்து விவசாயிக்குத் தரவேண்டியிருந்த தொகை இது. இதை வாங்கவும் அவர்கள் அலைந்தார்கள்.

2006 டிசம்பர் 22-ல் வந்த தீர்ப்பு இந்த வரலாற்றின் மைல்கல். ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக் கூடாது, 2007 ஜூலை 31-க்குள் முழுமையான மறுசுழற்சிக்கு மாறவேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதுவரை விடும் கழிவுக்கு அபராதம் கட்டவேண்டும், லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை. 6 பைசா என்றால் அற்பமாகத் தெரியும். ஒரு நாளைக்கு 1 லட்சம் லிட்டர் விடும் பட்டறைக்கு அது 6,000 ரூபாய். முதன்முறையாக ஆற்றுக்கு ஒரு விலை வந்தது. அந்த விலையைப் போட்டது நீதிபதிகள். சட்டத்தின்படி தண்ணீரைக் காக்க அமைந்த வாரியம் அதுவரை விலை எதுவும் கேட்காமலே இருந்தது. அந்தத் தாராளத்தை எந்தத் தனியார் நிறுவனத்திடம் எதிர்பார்க்க முடியும்?

பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2009 அக்டோபரில் அங்கும் தோற்றார்கள். கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்பதை உறுதி செய்து, மூன்று மாதத்தில் முடியுங்கள் என்று சொன்னார்கள். மூன்று மாதம் போயிற்று. ஓராண்டும் போயிற்று. கழிவு ஓடியது. நாட்டின் ஆக உயர்ந்த நீதிமன்றம் கெடு வைத்துச் சொன்ன பிறகும், 33-அ பிரிவு கையில் இருந்தும், வாரியத்தால் பதறாமல் இருக்க முடிந்ததே, அதைத்தான் அடக்கத்தின் சிகரம் என்கிறேன். கடைசியில் விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டார்கள். பயிர் வைக்க வேண்டியவர்கள் 15 வருடமாக வாய்தாவுக்குப் பேருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

2011 ஜனவரி 28. தலைமை நீதிபதி எம்.ஒய்.இக்பால், நீதிபதி டி.எஸ்.சிவஞானம் அமர்வு, எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் உடனே மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது. தெருத் தெருவாக மோட்டார்ச் சத்தம் நின்றது. சாயத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். பலர் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறினார்கள். வாரியத்தின் பொறுமையால் நன்மை அடைந்ததாக நினைத்த தொழிலும் அன்றைக்குத்தான் அதன் விலையைத் தெரிந்துகொண்டது. 1990-களிலேயே பத்துப் பட்டறையை மூடி, நூறு பட்டறையை மிரட்டி, உப்புக்கு வழி சொல்லுங்கள் என்று ஒரு கண்டிப்பான அதிகாரி கேட்டிருந்தால், எழுநூறும் ஒரே நாளில் மூடவேண்டி வந்திருக்காது. கேட்காமல் விட்ட அந்த அன்பு தொழிலாளியின் அடுப்பையும் அணைத்தது. பட்டறை முதலாளிகளை மட்டும் திட்டித் தீர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சட்டம் தூங்குகிறது என்று அவர்களுக்கு ஆண்டுதோறும் இசைவாணையில் எழுதிக் கொடுத்தது யார்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். முடியவே முடியாது என்று இருபது ஆண்டு சொல்லப்பட்டது சில ஆண்டுகளில் முடிந்தது. அரசு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் அறிவித்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் அடர் உப்புநீரை மறுபடி சாயத்துக்குப் பயன்படுத்தும் வழி அருள்புரம் நிலையத்தில் சோதிக்கப்பட்டது. இன்றைக்கு 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அந்த வழியில் ஓடுகின்றன. ஆற்றில் ஒரு சொட்டும் விடாத ஊர் என்று திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும், உழைத்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் தொழில்நுட்பம் இல்லை, பணம் இல்லை, காலம் போதாது என்று அடுக்கிய காரணங்கள் எல்லாம் மின்சாரத்தை நிறுத்தியதும் காணாமல் போயின. அதுவரை இல்லாமல் இருந்தது ஒரு கையெழுத்துதான்.

கண்டிப்பு இல்லாத இடத்தைத் தேடிச் சாயம் நகர்ந்ததும் உண்டு. திருப்பூர் மூடியபோது ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், சேலம் பக்கம் அனுமதியில்லாப் பட்டறைகள் முளைத்தன. அவற்றில் பல இருந்தது காவிரிக்கும் காளிங்கராயன் வாய்க்காலுக்கும் பக்கத்தில். அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் எத்தனை ஊர்க்காரர்கள் என்று கீழ்க்காவிரிக்காரர்களுக்குத் தெரியும். பட்டறையை இடிக்கும் வேலை அங்கும் வாரியத்துக்கு வந்தது. இடித்தார்கள், மறுபடி முளைத்தது, மறுபடி இடித்தார்கள்.

நொய்யலில் நல்ல மழை பெய்தால் இன்றும் நுரை வருகிறது. 2017-ல் நுரை பாலத்து உயரத்துக்குப் பொங்கியபோது, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் கே.சி.கருப்பணன், கோவை மக்கள் சோப்புப் போட்டுக் குளிப்பதால் வந்த நுரை என்று விளக்கம் கொடுத்தார். தொழிலைக் குறை சொல்ல மனம் வராமல், சுத்தமாக இருக்க நினைத்த ஒரு நகரத்தின் மேல் பழியைப் போட்டார். வீட்டுச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதும் அவருடைய அரசு தீர்க்க வேண்டிய குறைதான் என்பதை அவர் தன்னை அறியாமலே ஒப்புக்கொண்டார் என்ற வகையில் அந்த விளக்கத்துக்கும் நன்றி சொல்லலாம்.

ஒரத்துப்பாளையம் அணையில் பல ஆண்டுகளாகத் தண்ணீர் தேக்குவதில்லை. வருகிற தண்ணீரை வந்தபடியே விட்டுவிடுகிறார்கள். கிணறுகளில் இறங்கிய உப்பு தானாக மேலே ஏறி வராது. அதைக் கழுவிவிட நல்ல தண்ணீர் பல மழைக்காலம் பாயவேண்டும். நிலத்தை விற்றுவிட்டுப் பனியன் கம்பெனிக்கே வேலைக்குப் போன தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள். விற்காமல் தென்னையையும் ஆட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பும் இழந்ததை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்கவில்லை. தீர்ப்பால் அது முடியாது. விவசாயம் செத்த பிறகுதான் நீதிமன்றம் வர முடியும். சாவதற்கு முன்னால் வந்திருக்க வேண்டியது வாரியம்.

ஆகவே வாரியத்தாருக்கு என் விண்ணப்பம் இது. உங்கள் பொறுமையையும், பெருந்தன்மையையும், யார் மனமும் நோகாத பண்பையும் 23 ஆண்டு பார்த்துவிட்டோம், மெச்சியும் விட்டோம். போதும். ஆற்றோரப் பட்டறைகளின் உப்பளவை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். வரம்பைத் தாண்டிய பட்டறையின் ஃபியூசை, விவசாயி வழக்குப் போடும்வரை காத்திராமல் நீங்களே பிடுங்குங்கள். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. 33-அ இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது.